உப்பு ஏறியிருக்கிறது என்றார்கள், நான் உப்பை மாற்றினேன்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். வயது 47. குடும்பம் ராஜபாளையத்தில். இங்கே எனக்கு மாடியில் ஒற்றை அறை, ஒரு இண்டக்‌ஷன் அடுப்பு, இரண்டு லிட்டர் குக்கர். 2024 பிப்ரவரியில் கம்பெனியில் ரத்தப் பரிசோதனை முகாம் வைத்தார்கள். ஊசி குத்தியதோடு நான் மறந்துவிட்டேன். மூன்றாம் நாள் ரிசல்ட் தாளைக் கொடுத்த பையன், "அண்ணா, உங்களுக்கு உப்பு ஏறியிருக்குதுங்க, டாக்டரப் பார்த்துருங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டான். தாளில் கிரியாட்டினின் 2.2 என்று தடித்த எழுத்தில் இருந்தது. அதன் கீழே ஈ.ஜி.எஃப்.ஆர். 36. இரண்டுக்கும் எனக்கு அர்த்தம் தெரியாது. உப்பு மட்டும் புரிந்தது.

புரிந்தது என்று நினைத்ததுதான் வினை. நம் பக்கத்தில் யூரியா கூடினாலும் உப்பு, கிரியாட்டினின் கூடினாலும் உப்பு. ஆஸ்பத்திரி ஆயாவில் இருந்து ஆட்டோக்காரர் வரை அப்படித்தான் பேசுகிறார்கள். அவை தசையில் இருந்தும் புரதத்தில் இருந்தும் வரும் கழிவுகள். சிறுநீரகம் சரியாக வடிகட்டாததால் ரத்தத்தில் தேங்கியிருக்கின்றன. ஈ.ஜி.எஃப்.ஆர். என்பது சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்ற கணக்கு, அது குறையக் கூடாது. சாம்பாரில் போடுகிற உப்பு வேறு, இது வேறு. அன்று எனக்கு இதைச் சொல்ல ஆளில்லை. உப்பு ஏறிவிட்டதா, சரி, உப்பைக் குறைப்போம் என்று அன்று சாயங்காலமே சூப்பர் மார்க்கெட்டுக்குப் போய் 'சோடியம் குறைந்தது' என்று எழுதியிருந்த பாக்கெட் உப்பை வாங்கினேன். சாதா உப்பைவிட இரண்டு மடங்கு விலை. விலை கூட என்பதாலேயே உடம்புக்கு நல்லது என்று ஒரு நம்பிக்கை வேறு.

அடுத்த வாரம் 500 ரூபாய் கட்டி ஒரு டாக்டரைப் பார்த்தேன். ஒன்பது வருஷமாக பி.பி., அதற்கு நினைத்தபோது மட்டும் மாத்திரை, இடுப்பு வலிக்கு மெடிக்கலில் நானாகக் கேட்டு வாங்கிய வலி மாத்திரைகள் என்று நான் சொல்லச் சொல்ல அவர் முகம் சுருங்கியது. பி.பி.க்கான டெல்மிசார்ட்டன் மாத்திரையை 40-இல் இருந்து 80 ஆக்கினார். வலி மாத்திரையைத் தொடவே கூடாது என்றார். "புரோட்டீனைக் கொஞ்சம் குறைங்க, உப்பைக் குறைங்க, மூணு மாசம் கழிச்சு இதே டெஸ்ட்டைத் திரும்ப எடுத்துட்டு வாங்க" என்றார். எல்லாம் சரியான பேச்சுதான். ஒரே ஒரு ரிசல்ட்டை வைத்து நாள்பட்ட சிறுநீரக நோய் என்று முத்திரை குத்த மாட்டார்கள், மூன்று மாதம் தாண்டியும் அப்படியே இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஆனால் 'கொஞ்சம்' என்றால் எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. வெளியே முப்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். நான் என்ன உப்பு வாங்கியிருக்கிறேன் என்பதும் பேச்சில் வரவில்லை.

கேட்காமல் விட்டதை எங்கள் கம்பெனி கட்டிங் மாஸ்டர் நிரப்பினார். நல்ல மனுஷன், அவருக்குத் தெரிந்ததைச் சொன்னார். "கறி, மீனு, முட்டை மூணையும் உட்ருங்கண்ணா. பருப்பு, பயறு, மீல் மேக்கரெல்லாம் சைவந்தானுங்க. கிட்னிய ஒண்ணும் பண்ணாதுங்க. எவ்வளவு வேணாலும் சாப்பிடலாம்." இதில் பாதி உண்மை. அதனால்தான் மாட்டிக்கொண்டேன். முழுப் பொய்யாக இருந்திருந்தால் யாரிடமாவது விசாரித்திருப்பேன்.

கறியை விட்டால் உடம்பு தளர்ந்துவிடுமே என்ற பயத்தில் சைவப் புரதத்தை ஒரு வெறியோடு சேர்த்தேன். காலையில் சத்துமாவுக் கஞ்சி. பதினோரு மணிக்கு டப்பாவில் முளைகட்டிய பாசிப்பயறு. மதியம் மெஸ் சாப்பாடு. சாயங்காலம் ஒரு பொட்டலம் வறுத்த நிலக்கடலை. இரவு மீல் மேக்கர் குழம்பு, 200 கிராம் பாக்கெட் இரண்டு நாளுக்கு. மீல் மேக்கரை வெந்நீரில் போட்டால் கோலிக்குண்டு எலுமிச்சம்பழமாக ஊதும். கையில் எடுத்துப் பிழிந்தால் மஞ்சளாக நுரைத்த தண்ணீர் ஓடும். அதைக் கீழே ஊற்ற எனக்கு மனசு வரவில்லை, சத்தெல்லாம் போகிறதே என்று குழம்பிலேயே ஊற்றினேன். நாலு தக்காளி, புது உப்பு தாராளமாக. சோடியம் குறைவுதானே, கூடப் போட்டால் என்ன? அந்த உப்பில் லேசாக ஒரு கசப்பு இருந்தது. மருந்து மாதிரி கசக்கிறது, நல்லதாகத்தான் இருக்கும் என்று அதற்கும் ஒரு சமாதானம்.

ஏப்ரலில் வெயில் ஏறியதும் இன்னொன்று சேர்ந்தது. கிட்னிக்குக் குளிர்ச்சி என்று யாரோ சொல்ல, தினம் இரண்டு இளநீர். வாரம் மூன்று நாள் முருங்கைக்கீரை சூப். ஏழு வாரம் இப்படிப் போனது. முதல் நாலு வாரம் என்னைப் போல ஒழுக்கமானவன் உலகத்தில் இல்லை என்ற மிதப்பில் இருந்தேன். அப்புறம் மெதுவாகக் கால் கனக்க ஆரம்பித்தது. வெயில் என்று நினைத்தேன். விரல் நுனியில் எறும்பு ஊர்கிற மாதிரி. உட்கார்ந்தே வேலை செய்கிறோம், ரத்த ஓட்டம் இல்லை என்று நினைத்தேன். ஏப்ரல் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு வண்டியை நடு ஸ்டாண்டு போட முடியவில்லை. பத்து வருஷமாக ஒரே உதையில் ஏற்றுகிற வண்டி. இரண்டு தொடையும் என்னுடையவை இல்லை என்பதுபோல் நின்றன. பதினெட்டுப் படி ஏற மூன்று இடத்தில் உட்கார்ந்தேன். நெஞ்சுக்குள் ஏதோ தவளை மாதிரி தாவித் தாவி நின்றது. கதவைப் பூட்டக்கூட இல்லை, அப்படியே இறங்கி ஆட்டோ பிடித்துப் போனேன். அது ஒன்றுதான் அந்த இரண்டு மாதத்தில் நான் செய்த புத்திசாலித்தனம். சிறுநீரகம் குறைந்தவர்களுக்குக் காரணமில்லாமல் கால் வலுவிழந்தாலோ நெஞ்சு துடிப்பு தப்பினாலோ விடியட்டும் என்று படுக்கக் கூடாது.

ஈ.சி.ஜி. தாளைப் பார்த்ததும் அங்கே இருந்த டாக்டர் நடையை வேகமாக்கினார். வளைந்து போக வேண்டிய அலை கூடாரம் மாதிரி கூராக நின்றது என்று அப்புறம் காட்டினார். பொட்டாசியம் 6.8. ஐந்து, ஐந்தரைக்குள் இருக்க வேண்டியது. கிரியாட்டினின் 2.9, ஈ.ஜி.எஃப்.ஆர். 26-க்கு இறங்கியிருந்தது. கையில் கால்சியம் ஊசி, அது பொட்டாசியத்தைக் குறைக்காது, இதயம் நின்றுவிடாமல் காப்பதற்கு. பிறகு குளுக்கோஸோடு இன்சுலின். "எனக்குச் சுகர் இல்லைங்களே" என்று நர்ஸிடம் கெஞ்சினேன். ரத்தத்தில் இருக்கிற பொட்டாசியத்தைச் செல்லுக்குள் தள்ளத்தான் அது என்று அவர் சொல்லும் வரை ஆள் மாறி ஊசி போடுகிறார்கள் என்றே நினைத்தேன். முகத்தில் புகை மாதிரி ஒரு மருந்து, குடிக்க மணல் மாதிரி ஒரு பொடி. சில மணி நேரத்துக்கு ஒரு முறை ரத்தம் எடுத்தார்கள். விடியற்காலை 5.7 வந்தபோது டயாலிசிஸ் வேண்டியிருக்காது என்றார்கள். அந்த இரவில் யாருக்கும் போன் செய்யவில்லை. வீட்டுக்காரி காலையில் கூப்பிட்டபோது லேசான காய்ச்சல் என்றேன். "குரலே சரியில்லையேங்க" என்றாள். மேலே பேசினால் அழுதுவிடுவேன் என்று வைத்துவிட்டேன்.

மூன்று இரவு, 58,700 ரூபாய். என் சம்பளம் இ.எஸ்.ஐ. வரம்பான 21,000-ஐக் கொஞ்சம் தாண்டியிருந்ததால் அதுவும் இல்லை. தனியாக இன்சூரன்ஸும் எடுத்து வைக்கவில்லை. பெண்ணின் காலேஜுக்காகக் கட்டிக்கொண்டிருந்த சீட்டை அவசரமாகத் தள்ளி எடுத்ததில் 11,000 ரூபாய் கழிவு போனது. வேலைக்குப் போகாத நாட்களின் சம்பளம் தனி.

டிஸ்சார்ஜ் தாளோடு ஒரு ஜெராக்ஸ் பட்டியல் கொடுத்தார்கள். பருப்பு, பயறு, கடலை, கீரை, பழம், இளநீர், எல்லாவற்றுக்கும் எதிரே 'தவிர்க்கவும்'. அளவு இல்லை, எத்தனை நாளைக்கு என்று இல்லை. உப்பு என்ற வார்த்தையும் அந்தப் பட்டியலில் இல்லை. செத்துப் பிழைத்தவனுக்கு அந்தத் தாள் வேதவாக்கு. அடுத்த நான்கு மாதம் காலையில் மூன்று இட்லி, சர்க்கரை தொட்டுக்கொண்டு. மதியம் ரசம் சோறு. இரவு ரவைக் கஞ்சி. பருப்பு ஒரு மணி படாமல் வாழ்ந்தேன். கஞ்சியில் அதே கசப்பு உப்பு. உப்பைக் குறைக்கச் சொன்னார்களே!

அந்த நான்கு மாதத்தில் நடந்ததைத்தான் முக்கியமாகச் சொல்ல நினைக்கிறேன், ஏனென்றால் அதிகம் தின்று விழுவது பளிச்சென்று தெரிந்துவிடும், தின்னாமல் விழுவது தெரியாது. 64 கிலோ இருந்தவன் 57-க்கு வந்தேன். பெல்ட்டில் புதிதாக இரண்டு ஓட்டை போட்டேன். நார்ச்சத்து இல்லாததாலும் பொட்டாசியத்தைக் குறைக்கக் கொடுத்த அந்த மணல் பொடி மலத்தைக் கட்டியதாலும் நான்கு நாளுக்கு ஒரு முறை மலம் போனால் அதிசயம். சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்குப் பொட்டாசியத்தில் ஒரு பங்கு குடல் வழியாகத்தான் வெளியேறுகிறது. மலச்சிக்கல் வந்தால் அந்த வாசலும் அடைபடும். அதனால் இத்தனை பத்தியத்திலும் பொட்டாசியம் 5.6, 5.8 என்றே நின்றது. ஒரு தடவை 6.1 என்று வந்து, ராத்திரியோடு ராத்திரியாக ஓடி, திரும்ப எடுத்ததில் 5.5. முதல் தடவை ரத்தம் எடுத்தவர் இறுகக் கட்டி, கையை மூடித் திறக்கச் சொல்லி, எடுத்த குழாயை வெயிலில் வண்டிப் பெட்டியில் வைத்துக்கொண்டு ஊரெல்லாம் சுற்றியிருக்கிறார். ரத்த அணு உடைந்தால் உள்ளே இருக்கிற பொட்டாசியம் வெளியே வந்து பொய்க் கணக்கு காட்டும். அன்று மட்டும் 3,400 ரூபாய். இப்போது லேபுக்கே நேரில் போய்க் கொடுக்கிறேன். அதற்காகக் கூடி வந்த ரிசல்ட்டைப் பொய் என்று நாமாக முடிவு கட்டிவிட்டுத் தூங்கவும் கூடாது, அன்றே திரும்ப எடுத்துப் பார்க்க வேண்டும்.

செப்டம்பரில் கிரியாட்டினின் 1.9 வந்தது. ஈ.ஜி.எஃப்.ஆர். 43. கம்பெனியில் எல்லோருக்கும் டீயும் தேங்காய்ப் பன்னும் வாங்கிக் கொடுத்தேன். பருப்பை விட்டதால் கிட்னி தேறிவிட்டது என்று கட்டிங் மாஸ்டரிடமே பெருமை அடித்தேன்.

அந்த மாசக் கடைசியில் ஊருக்குப் போனபோது, வாசலில் கோலப்பொடி டப்பாவோடு நின்ற வீட்டுக்காரி என்னைப் பார்த்துவிட்டு, "என்னங்க இது, எலும்பும் தோலுமா வந்து நிக்கிறீங்க" என்றவள் அப்புறம் பேசவே இல்லை. அன்றைக்குத்தான் எல்லாவற்றையும் சொன்னேன். மறுநாள் மதுரைக்கு ஒரு சிறுநீரக மருத்துவரிடம் கூட்டிப் போனாள். அவர் என் 1.9-ஐப் பார்த்துச் சந்தோஷப்படவில்லை. கிரியாட்டினின் தசையில் இருந்து வருவது, தசை கரைந்தால் கிரியாட்டினினும் குறையும், கிட்னி தேறியதாக அர்த்தமில்லை என்றார். தசையை அவ்வளவாகச் சாராத சிஸ்டாட்டின் சி என்று ஒரு பரிசோதனை எடுத்தார். அதில் ஈ.ஜி.எஃப்.ஆர். 34. ரத்தத்தில் அல்புமின் என்ற புரதம் 3.2, குறைவு. பைகார்பனேட் 17, அதுவும் குறைவு, அதாவது ரத்தத்தில் அமிலம் தேங்கியிருக்கிறது. நான்கு மாதப் பட்டினியில் நான் சம்பாதித்தது இவ்வளவுதான்.

அடுத்த அறையில் டயட்டீஷியன். நாற்பது நிமிஷம் உட்கார வைத்துப் பேசினார். 600 ரூபாய். நான் இந்தக் கதையில் செலவழித்ததிலேயே உருப்படியான 600 அதுதான். முந்தைய நாள் காலையில் எழுந்ததில் இருந்து வாயில் போட்டது ஒவ்வொன்றையும் கேட்டார். டீயில் எவ்வளவு பால், தோசைக்கு எது, மாத்திரை போட்டபோது குடித்தது தண்ணீரா மோரா என்பது வரைக்கும். நடுவில், "சார், என்ன உப்பு போடறீங்க?" என்றார். ஏழு மாதத்தில் அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள். "சோடியம் கம்மி உப்பு மேடம். உப்பு ஏறியிருக்குன்னு..." என்று ஆரம்பித்தேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார். என் வீட்டுக்காரியைப் பார்த்து, "அம்மா, இன்னிக்கே அதைத் தூக்கிப் போட்டுருங்க" என்றார்.

சோடியத்தை எடுத்த இடத்தில் அந்த உப்பில் பொட்டாசியம் குளோரைடைச் சேர்க்கிறார்கள். பாக்கெட்டின் பின்பக்கம் எறும்பு எழுத்தில் இருந்தது. பாக்கெட்டுக்குப் பாக்கெட் அளவு மாறும். 30 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 6 கிராம் கொண்ட ஒரு தேக்கரண்டி உப்பில் ஏறத்தாழ 900 மி.கி. பொட்டாசியம். நான் ஒரு நாளைக்குப் போட்டது ஒரு தேக்கரண்டிக்கும் மேல். சிறுநீரகம் நன்றாக இருப்பவர்களுக்கு இந்த உப்பு நல்லதுதான். உலக சுகாதார நிறுவனம் 2025 ஜனவரியில் இதைப் பரிந்துரைத்தபோதே சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இந்தப் பரிந்துரை பொருந்தாது என்றும் சொல்லியிருக்கிறது. இதோடு, டெல்மிசார்ட்டன் வகை மாத்திரைகள் சிறுநீரகத்துக்குப் பாதுகாப்பு என்றாலும் பொட்டாசியம் வெளியேறுவதைக் கொஞ்சம் தடுக்கும். அதற்காக மாத்திரையை நாமாக நிறுத்துவது இன்னொரு முட்டாள்தனம். மாத்திரை ஆரம்பித்தாலோ கூட்டினாலோ இரண்டு, நான்கு வாரத்தில் பொட்டாசியமும் கிரியாட்டினினும் பார்த்துவிட வேண்டும். நான் 80-க்கு மாறிய பிறகு பார்க்கவே இல்லை. மூன்று மாசம் என்றார்களே என்று காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருந்தேன்.

என் ஏப்ரல் மாதச் சாப்பாட்டையும் அவர் ஒரு தாளில் கூட்டினார். 100 கிராம் மீல் மேக்கரில் புரதம் மட்டும் 52 கிராம். எடையில் பாதி! நிலக்கடலை 50 கிராமுக்கு 12, முளைகட்டிய பயறு 12, சத்துமாவு 8, சோறு, சாம்பார், பால், தயிர் எல்லாம் சேர்த்து 34. மொத்தம் 118 கிராம். என் எடை 64 கிலோ. டயாலிசிஸ் இல்லாத, என் நிலையில் இருப்பவர்களுக்குக் கிலோவுக்கு 0.8 கிராம் போதும், 1.3-ஐத் தாண்டவே கூடாது என்பது 2024-இல் வந்த உலகளாவிய சிறுநீரக வழிகாட்டுதல். அந்தக் கணக்கில் எனக்கு 51 கிராம். நான் தின்றது இரண்டு மடங்குக்கும் மேல். ரசம் சோற்றுக் காலத்தில் தின்றது முப்பதுக்கும் கீழே. மேலேயும் கீழேயும் தாண்டினேனே தவிர, அந்த 51-இல் ஒரு நாளும் நிற்கவில்லை. இந்த எண் ஆளுக்கு ஆள் மாறும். டயாலிசிஸ் செய்பவர்களுக்குக் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை தேவை, ஏனென்றால் டயாலிசிஸிலேயே புரதம் வீணாகும். எதிர்வீட்டு டயாலிசிஸ்காரர் தினம் முட்டை சாப்பிடுகிறார் என்று நாமும் சாப்பிடுவதோ, நம் கணக்கைச் சொல்லி அவரைப் பட்டினி போடுவதோ கூடாது.

சைவப் புரதம் நல்லதா என்றால், எனக்கு நல்லதுதான் என்று அவரே சொன்னார். கறியைவிடப் பருப்பு ரத்தத்தில் அமிலத்தைக் குறைவாகச் சேர்க்கும். சிறுநீரகம் தளர்ந்தால் பாஸ்பரஸும் ரத்தத்தில் தேங்கும், ஆனால் பருப்பில் இருக்கிற பாஸ்பரஸ் ஃபைட்டேட் என்ற பொருளோடு பிணைந்து கிடப்பதால் அதில் பாதிக்கும் குறைவாகத்தான் உடம்பில் சேரும். நார்ச்சத்து வயிற்றை இளக்கும். அரிசியில் குறைவாக இருக்கும் லைசின் பருப்பில் உண்டு, பருப்பில் குறைவானது அரிசியில் உண்டு, அதனால் பருப்பும் சோறும் சேர்ந்தால் தரமான புரதம். நம்முடைய சாம்பார் சோறு சிறுநீரகத்துக்கு எதிரி இல்லை. அளவும் வேகவைக்கிற விதமும்தான் கேள்வி.

அளவுக்கு 450 ரூபாய்க்கு ஒரு சமையல் தராசு வாங்கினேன். முதல் நாள் என் கை நிறைய நிலக்கடலையை அள்ளி வைத்துப் பார்த்தேன், 38 கிராம். அதைத்தான் 'ஒரு பிடி' என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது ஒரு நாள் இப்படி: காலையில் மூன்று இட்லி, 15 கிராம் பருப்பில் சாம்பார். மதியம் 120 கிராம் அரிசிச் சோறு, 25 கிராம் துவரம்பருப்பு, ஒரு பொரியல், அரைக் கிண்ணம் தயிர். இரண்டு டீ. இரவு மூன்று சப்பாத்தி, 25 கிராம் பாசிப்பருப்புக் கூட்டு. கூட்டிப் பார்த்தால் புரதம் 50 கிராமை ஒட்டி வரும். பருப்பெல்லாம் காய்ந்த எடை. வெந்த பருப்பை நிறுத்தால் தண்ணீரையும் சேர்த்து நிறுக்கிறோம். மீல் மேக்கர் வேண்டுமென்றால் 15 கிராம், அன்று ஒரு வேளைப் பருப்பு கிடையாது. கொழுப்பு நீக்கிய சோயா மாவில் 100 கிராமுக்கு 2 கிராமுக்கும் மேல் பொட்டாசியம் உண்டு. மீல் மேக்கர் அந்த மாவில் செய்வதுதான். அதனால் ஊறவைத்த தண்ணீரைப் பிழிந்து, புதுத் தண்ணீரில் கொதிக்கவிட்டு, அதையும் பிழிந்து கொட்டிவிடுகிறேன். முன்பு குழம்பில் ஊற்றிய அதே மஞ்சள் தண்ணீர்.

பருப்புக்கும் அதே வழி. பொட்டாசியம் தண்ணீரில் கரையும், எண்ணெயிலோ ஆவியிலோ போகாது. துவரம்பருப்பை இரண்டு மணி நேரம், கொண்டைக்கடலை மாதிரி முழுப் பயறுகளை இரவு முழுக்க ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, திறந்த பாத்திரத்தில் நிறையத் தண்ணீரில் வேகவிட்டு வடிக்கிறேன். அளவாகத் தண்ணீர் வைத்துக் குக்கரில் விசில் விட்டால் வெளியே வந்ததெல்லாம் அந்தப் பருப்போடே கிடக்கும். வடித்த பருப்பை மசித்து, வேறு தண்ணீர் சேர்த்துச் சாம்பார். சோறும் கஞ்சி வடித்த சோறு. ருசி குறையும், மறைக்கவில்லை. பூண்டும் சீரகமும் பெருங்காயமும் கொஞ்சம் கூடப் போட்டால் ஓடிவிடும். கடலை சீக்கிரம் வேகட்டும் என்று சோடா உப்பு போடும் பழக்கத்தை விட்டேன், அதிலும் சோடியம். காயில் சுரை, பீர்க்கு, புடலை, கோஸ். மற்றவற்றைப் பொடியாக நறுக்கி வேகவைத்து வடித்து.

இங்கேதான் ரசம் வருகிறது. நம் வீடுகளில் ரசம் எதில் வைக்கிறோம்? பருப்பு வேகவைத்த தண்ணீரில். நான் நான்கு மாதம் பருப்பே தொடவில்லை என்று மார்தட்டிக்கொண்டு மெஸ்ஸில் மூன்று கரண்டி ஊற்றிக் குடித்தது அந்தத் தண்ணீரைத்தான், தக்காளியோடு. டயட்டீஷியன் இதைச் சொன்னபோது வீட்டுக்காரி முதல் தடவையாகச் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. இப்போது மிளகு, சீரகம், கொஞ்சம் புளி, வெறும் தண்ணீரில் ரசம்.

முளைகட்டுவது பற்றி ஒரு வார்த்தை. முளைகட்டினால் ஃபைட்டேட் உடைந்து சத்து நன்றாகச் சேரும் என்பார்கள். சரிதான், அந்தச் 'சத்தில்' பாஸ்பரஸும் உண்டு. சாப்பிடக் கூடாது என்பதில்லை, முளைகட்டியதால் எனக்குப் பத்திரம் என்று நினைத்ததுதான் தப்பு. பாஸ்பரஸில் பெரிய வில்லன் பாக்கெட் உணவுதான். அதில் சேர்க்கும் பாஸ்பேட் உப்பு ஏறத்தாழ முழுவதுமாக உடம்பில் சேர்ந்துவிடும். சைவ புரோட்டீன் பவுடர், சோயா பால், உறையவைத்த சைவ கட்லெட் என்று எதை எடுத்தாலும் பின்னால் பாஸ்பேட்டைக் குறிக்கும் ஐ.என்.எஸ். 338 முதல் 343 வரை, 450, 451, 452 என்ற எண்கள் இருந்தால் திரும்ப வைத்துவிடுகிறேன். பாதி காலியான ஒரு பட்டாணிப் புரோட்டீன் டப்பா, 1,850 ரூபாய், இன்னும் அலமாரியில் இருக்கிறது. மகன் அதில் ஸ்குரூ போட்டு வைத்திருக்கிறான்.

இன்னொரு குழப்பத்தையும் சொல்ல வேண்டும். கிட்னி என்றாலே வாழைத்தண்டு ஜூஸ் குடி என்று சொல்லாத ஆள் இல்லை. அவர்கள் சொல்வது சிறுநீரகக் கல்லுக்கு. கல் வேறு, வடிகட்டும் சக்தி குறைவது வேறு. பொட்டாசியம் ஏறுகிறவனுக்கு இளநீரோ தண்டுச் சாறோ கீரை சூப்போ மருந்தில்லை. ஒரு பெரிய இளநீரில் ஏறத்தாழ 600 மி.கி. பொட்டாசியம். நட்சத்திரப் பழத்தை மட்டும் ஒரு துண்டுகூடத் தொடக் கூடாது, சிறுநீரகம் குறைந்தவர்களுக்கு அது மூளையைத் தாக்கும். பொட்டாசியம் எப்போதும் அளவோடு இருப்பவர்களுக்குப் பழத்தையும் கீரையையும் வீணாகத் தடுக்கவும் வேண்டாம். ரிப்போர்ட்டைப் பார்த்துத்தான் பத்தியம்.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை கிரியாட்டினின், பொட்டாசியம், பைகார்பனேட், பாஸ்பரஸ், அல்புமின், சிறுநீரில் அல்புமின். எனக்கு லேபில் 1,600 ரூபாய்க்குள் முடிகிறது. 58,700-இல் இதை எத்தனை தடவை எடுத்திருக்கலாம் என்று வகுத்துப் பார்க்கிற கெட்ட பழக்கம் கணக்கு எழுதுகிறவனுக்கு உண்டு. அமிலத்துக்கு டாக்டர் சோடியம் பைகார்பனேட் மாத்திரை கொடுத்தார், சோடா உப்பை நாமாகக் கரைத்துக் குடிப்பது வேறு விஷயம், வேண்டாம். வீட்டில் மாதம் ஒரு நாள் எடை பார்க்கிறேன். கடைசி ரிசல்ட்டில் எடை 61, பொட்டாசியம் 4.8, அல்புமின் 3.9, கிரியாட்டினின் திரும்ப 2.2. கூடிவிட்டதே என்று அதிரவில்லை. தசை கொஞ்சம் திரும்பியிருக்கிறது, சிஸ்டாட்டின் கணக்கு 35-இல் அப்படியே நிற்கிறது என்றார் டாக்டர்.

மெஸ் அக்காவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். என் தட்டுக்கு மட்டும் பருப்பைக் கரண்டியால் அழுத்தி வடித்துப் போடுகிறார், "உங்களுக்கு மட்டும் தனி அடுப்பே வைக்கோணுமாட்ட இருக்குதுங்க" என்று முணுமுணுத்துக்கொண்டே. கட்டிங் மாஸ்டர் இன்னும் சைவம் எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் கட்சிதான். மதியம் டிபன் பாக்ஸைத் திறந்து மீல் மேக்கர் வறுவலை நீட்டினால் மறுப்பதில்லை, இரண்டு உருண்டை எடுத்துக்கொள்கிறேன். காய்ந்த கணக்கில் இரண்டு கிராம்கூட வராது. தராசில் போட்டுப் பார்த்தாயிற்று.